மாதா விளக்கு எண்ணெயும் ஜெனியின் ஸ்கேன் சிடியும்

என் மகள் ஜெனிக்குக் காது கேட்கவில்லை என்று எனக்கு முதலில் தெரிவித்தது ஒரு கன்டெய்னர் லாரிதான். ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை எங்கிருந்து தொடங்குவது என்று மூன்று நாளாக யோசித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதும்மா, நீ பேசுகிற மாதிரியே எழுது என்றார் எங்கள் பங்குச் சாமியார். என் வாய் எப்படிப்பட்டது என்று ராயபுரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்டெல்லா. காசிமேட்டில் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கிறேன். என் வீட்டுக்காரர் லூர்து துறைமுகத்தில் சிக்னல்மேன். கப்பலின் அடியறையில் சரக்கு இறக்கும்போது, மேலே கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. லூர்து விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துக் கையைக் காட்டுவார். விரலை மேலே சுற்றினால் தூக்கு, கீழே சுற்றினால் இறக்கு, உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. அவர் கையை நம்பித்தான் கிரேனின் இரும்புக் கொக்கியான ஊக்கு இறங்கும். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை ஜெனி.

அவளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வாரம், மழை விட்டு விட்டுப் பெய்த நாளில், காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வாந்தி, அப்புறம் வலிப்பு. மூளைக்காய்ச்சல் என்றார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். உயிரோடு திருப்பிக் கொடு மாதாவே, வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்று வேண்டினேன். மாதா கொடுத்தாள். வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்ற என் வாக்குறுதி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியிருந்தது. ஜெனியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறேன். என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடினாள். பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நம் ஏரியாவுக்கே உரிய அந்த ஹாரனை விட்டுவிட்டு அடிக்கிறான். தெருவில் இருந்த நாய்கூட எழுந்து ஓரம் போனது. என் மகள் திரும்பவே இல்லை. சாலை நடுவில் பூப்பறிக்கப் போகிறவள் போல நடந்து போகிறாள். நான் பாய்ந்து போய்ச் சடையைப் பிடித்து இழுத்தேன். டிரைவர் தலையை நீட்டிக் கத்தினான்.

"இன்னாமே, கொயந்தைக்குக் காது கேக்கலியா?"

அவன் திட்டியதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடு வரை வந்தது. காய்ச்சலுக்கு அப்புறம் கூப்பிட்டால் திரும்பாததை நான் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். இரண்டு அடிகூடக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவளுக்குப் பின்னால் நின்று குண்டானைக் கரண்டியால் அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெனி பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் காது டாக்டரம்மாவிடம் போனோம். ஐம்பது வயது இருக்கும், அதிகம் சிரிக்காதவர். மருந்து கொடுத்துத் தூங்கவைத்துப் பரிசோதனை செய்தார்கள். இரண்டு காதும் போய்விட்டது. காதுக்குள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் எலும்புக் குழல் இருக்கிறதாம். அதற்குள்தான் சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் வேலை நடக்கிறதாம். காய்ச்சல் அந்த இடத்தைக் கெடுத்துவிட்டது. ஆபரேஷன் செய்து, மெல்லிய ஒயர் ஒன்றை அந்தச் சுருளுக்குள் நுழைத்தால், வெளியே காதில் மாட்டும் கருவி பிடிக்கும் சத்தம் ஒயர் வழியாக நரம்புக்குப் போகும். அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்யலாம், சின்ன வயதிலேயே செய்துவிட வேண்டும் என்றார்.

ஒயர் போகும் வழி எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முதலில் ஒரு சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். டோல்கேட் பக்கம் ஒரு சென்டரில் எடுத்தோம். இரண்டு பக்கமும் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. கூடவே பெரிய ஃபிலிம் ஒன்று, படமெல்லாம் பதிந்த சிடித் தட்டு ஒன்று. ஆபரேஷன் சமயத்தில் இந்தத் தட்டைக் கட்டாயம் கொண்டு வர வேண்டும், பத்திரம் என்றார்கள். பத்திரம் என்று என்னிடம் சொன்னார்கள் பாருங்கள், அங்கேதான் வினையே.

மூன்று மாதம் காது மெஷின் மாட்டிப் பார்க்கச் சொன்னார்கள். அதில் ஒன்றும் கேட்கவில்லை என்று உறுதியான பிறகுதான் ஆபரேஷன். அந்த மூன்று மாதத்தில் ஜெனிக்குத் தெரிந்திருந்த வார்த்தைகளும் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் பாட்டு போனது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் போயின. கடைசியில் அம்மா என்பது வெறும் ம்மா ஆகி, அதுவும் மூக்கால் வந்தது. லூர்து வேலையிலிருந்து வந்ததும் கிரேனுக்குக் காட்டுவது போலவே அவளுக்குக் கை காட்டுவார். தூக்கு என்று விரலைச் சுற்றினால் ஓடி வந்து இடுப்பில் ஏறிக்கொள்வாள். நிறுத்து என்று உள்ளங்கையைக் காட்டினால் நின்றுவிடுவாள். அப்பாவும் மகளும் சிரிப்பார்கள். நான் அடுப்படியில் திரும்பி நின்று அழுவேன்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஆபரேஷன், வலது காதில் என்று முடிவானது. தவக்காலத்தின் இரண்டாம் வாரம் சிடித் தட்டோடு வரவேண்டும், டாக்டரம்மா கம்ப்யூட்டரில் பார்த்து வழியைத் திட்டம் போடுவார் என்றார்கள்.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன்.

நம் கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் எரியும் விளக்கின் எண்ணெயைச் சின்னப் பாட்டிலில் வாங்கி வைத்துக்கொள்வது நமக்கெல்லாம் வழக்கம். நெற்றியில், வலிக்கும் இடத்தில் சிலுவை போட்டுக்கொள்வோம். எனக்கு அது போதாது. எங்கள் வீட்டில் அந்த எண்ணெய் படாத பொருள் கிடையாது. ஜெனியின் பள்ளி விண்ணப்பத்தில் தடவி, எழுத்தெல்லாம் ஊறி, திரும்ப வாங்கி எழுதினோம். லூர்துவின் விசிலில் தடவி, அவர் ஒரு நாள் முழுக்க எண்ணெய் வாயோடு ஊதினார். காப்பீட்டு அட்டையை என்னிடமிருந்து காப்பாற்ற அவர் பிளாஸ்டிக் உறை வாங்கிப் போட்டார். அந்த உறை மேல் தடவினேன்.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின புதன்கிழமை, கோயிலில் நவநாள் செபம் முடிந்து வந்ததும் சிடித் தட்டை உறையிலிருந்து எடுத்தேன். மின்னுகிற பக்கத்தில்தான் படம் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்திலேயே தாராளமாகச் சிலுவை போட்டு, சுற்றிலும் தடவினேன்.

"மாதாவே, தேதி மட்டும் தள்ளிப் போவக்கூடாது. டாக்டரு பாக்க வேண்டியது எல்லாத்தையும் இதுல பாக்கணும்."

இதுதான் என் செபம். வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பின்னால் தேவைப்படும்.

மறுநாள் மதியம் எடுத்துப் பார்த்தால் தட்டின் மேல் தூசியும் எறும்பும். முந்தானையால் துடைத்தேன், இழுபட்டுப் போய் இன்னும் அசிங்கமானது. இறால் உரிக்கிறவளுக்குக் கழுவத் தெரியாதா என்று நினைத்து, பாத்திரம் துலக்கும் கம்பி நாரை எடுத்துச் சோப்புத் தூள் போட்டு, குழம்புக் குண்டான் துலக்குவது போல அழுத்தித் தேய்த்தேன். எண்ணெய் சுத்தமாகப் போனது. தட்டு பளபளவென்று இல்லாமல் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அது புதுசாக இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உறையில் போட்டு வைத்தேன். லூர்துவிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா தட்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டார். அது கர் கர் என்று சுற்றியது, நின்றது. எடுத்துத் துடைத்துப் போட்டார். வேறு கம்ப்யூட்டரில் போட்டார். படம் வரவில்லை. தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த கோடுகளை நானும் பார்த்தேன்.

"என்னம்மா ஆச்சு இதுக்கு?" என்று கேட்டார்.

"தெர்ல மேடம்" என்றேன்.

பொய். தவக்காலத்தில், டாக்டர் முன்னால், கையில் செபமாலையை வைத்துக்கொண்டு சொன்ன பொய்.

ஃபிலிம் இருக்கிறதே மேடம் என்று லூர்து அதை நீட்டினார். ஃபிலிமில் இருப்பது சில படங்கள்தான், தட்டில்தான் மெல்லிய மெல்லிய வெட்டாக நூற்றுக்கணக்கில் இருக்கும், அதை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால்தான் எலும்பு எங்கே எவ்வளவு கனம், முகத்தை அசைக்கும் நரம்பு எந்தப் பக்கமாகப் போகிறது, எதைத் தொடாமல் துளை போடலாம் என்று தெரியும் என்று சொன்னார் டாக்டரம்மா. ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டார்கள். அங்கே மூன்று மாதத்துக்கு மேல் படங்களை வைத்திருப்பதில்லையாம். குழந்தைக்குத் தேவை இல்லாமல் ஸ்கேன் எடுக்க எனக்குப் பிடிக்காது, வேறு வழி இல்லை, இங்கேயே மறுபடி எடுத்துவிடலாம் என்றார். வரிசை நீளமாக இருக்கிறது, ஆபரேஷன் தேதி தள்ளிப் போனாலும் போகலாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் லூர்து என்னிடம் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"மூணு மாசமா பொட்டியில பூட்டி வெச்சிகினு இருந்தியேமே. எப்டி கோடு வுயும்?" என்றார்.

நான் அதற்கும் தெரியாது என்றேன். பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தோம். நடுவில் உட்கார்ந்திருந்த ஜெனி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, உள்ளங்கையை விரித்து விரித்துக் காட்டினாள். சண்டையை நிறுத்தச் சொல்கிறாளாம்.

நான்கு நாளில் வரிசையில் இடம் கிடைத்தது. அதுவே பெரிய விஷயம். குழந்தை அசையாமல் தூங்கினால்தான் ஸ்கேன் எடுக்க முடியும், அதனால் காலையிலிருந்து தூங்கவிடாமல் கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். லூர்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மின்சார ரயிலில் போவதும் வருவதுமாக இருந்தார். அவள் கண் சொக்கும்போதெல்லாம் ஜன்னலில் எதிரே வரும் ரயிலைக் காட்டுவார். பிற்பகல் மருந்து குடித்ததும் சுருண்டு தூங்கிவிட்டாள். ஸ்கேன் எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வட்ட மெஷினுக்குள் அவள் தலை போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாதாவே, இந்தப் படமாவது நல்லபடியாக வரட்டும், பழையது போலவே எல்லாம் சரி என்று வரட்டும் என்று வேண்டினேன்.

அப்படி வரவில்லை.

மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கறுப்பும் வெளுப்புமாக ஜெனியின் தலை. அவர் உருட்ட உருட்ட, அடுத்தடுத்த வெட்டு வந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி விரல் வைத்தார். இந்தச் சுருளுக்குள் கறுப்பாக, காலியாகத் தெரிய வேண்டும், வலது பக்கம் வெள்ளையாகிவிட்டது பாருங்கள், எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டு வருகிறது என்றார். இடது பக்கமும் வாசல் கிட்டே கொஞ்சம் வெள்ளை. எந்தக் காய்ச்சல் வந்தது என்று மறுபடி கேட்டார். அவர்கள் ஃபைலில் காய்ச்சல் என்று மட்டும்தான் எழுதியிருந்தது. முதல் நாள் பதட்டத்தில் நாங்கள் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறோம். லூர்து பையிலிருந்து பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். மூளைக்காய்ச்சல் என்று படித்ததும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நாளைக்கே ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்.

எனக்கு ஒரே ஒரு சொல்தான் காதில் நின்றது. அடைத்துக்கொண்டது.

நேராகக் கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியாரும் இதைப் படிப்பார், படிக்கட்டும். மாதா சுரூபம் இருக்கும் குகைக் கெபிக்கு முன்னால் நின்று நான் செபிக்கவில்லை, சண்டை போட்டேன். மாதாவை வாயால் கந்தைத் துணி மாதிரிக் கிழித்தேன். தேதி தள்ளக்கூடாது என்று கேட்டேன், தட்டையே கெடுத்தாய். நல்ல படம் கேட்டேன், அடைத்துப்போன படம் கொடுத்தாய். நான் பொய் சொன்னேன் என்றால் என்னைத் தண்டி, என் பிள்ளை காதை ஏன் மூடுகிறாய் என்று கேட்டேன். ஒருவேளை எண்ணெய்த் தட்டை நான் தேய்த்ததற்குத்தான் கோபமோ என்றுகூடத் தோன்றியது. பையில் இருந்த எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மாதாவின் காலடியிலேயே வைத்துவிட்டு, இதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் சிலுவை போடாமல் கோயிலை விட்டு வெளியே வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

எம்.ஆர்.ஐ. எடுத்த மறுநாள் மறுபடி அதே நாற்காலிகள். டாக்டரம்மா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பைப் பார்த்தேன்.

வலது பக்கம் இனி வழி இல்லை, அதை விட்டுவிடுவோம் என்றார். இடது பக்கம் வாசலில் மட்டும்தான் எலும்பு, உள்ளே இன்னும் நீர் இருக்கிறது, வழி திறந்திருக்கிறது. வாசலில் இருக்கும் கொஞ்சம் எலும்பைத் துளைத்து எடுத்துவிட்டால் ஒயர் போய்விடும். எவ்வளவு ஆழத்தில் எடுக்க வேண்டும், நரம்பு எங்கே போகிறது என்று எல்லாம் படத்தில் அளந்து வைத்துவிட்டேன். ஆனால் இது மூடிக்கொண்டே வருகிறது, ஈஸ்டர் வரை காத்திருக்க முடியாது. வருகிற செவ்வாய்க்கிழமையே செய்கிறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை. தேதி தள்ளிப் போகவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் முன்னால் வந்துவிட்டது.

லூர்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கப்பல் வவுத்துக்குள்ள இன்னா கீதுன்னு பாக்காம ஊக்கை எறக்குனா, கீய கீறவன் தலையிலதான் வுயும். இந்தப் படந்தான் உங்களுக்கு சிக்னல்மேனா?"

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். இதைவிட நன்றாக மாணவர்களுக்கு நானே சொன்னதில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் என்னால் மறக்கவே முடியாது.

"மூளைக்காய்ச்சல்னு தெரிஞ்சிருந்தா நானே புதுப் படம் கேட்டிருப்பேன். நானும் தோண்டிக் கேட்கலை, என் தப்புதான். அந்தப் பழைய சிடி மட்டும் ஓடியிருந்தா, அதை நம்பி ஈஸ்டருக்கு அப்புறம் வலது காதைத்தான் திறந்திருப்பேன். உள்ளே போனா சுவர்தான் இருந்திருக்கும். அதுக்குள்ள இடதும் மூடியிருக்கும்."

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். அழுகையும் சிரிப்புமாக என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. டாக்டர் பார்க்க வேண்டியது எல்லாத்தையும் பார்க்கணும் என்று கேட்டவள் நான்தான். அதில் பாதியை மறைத்திருந்த பழைய தட்டை என் கையாலேயே துலக்கவைத்து, பார்க்க வேண்டியதைப் பார்க்கவைத்துவிட்டாள் என் தாய். அவள் காலடியில் பாட்டிலை வைத்துவிட்டு வந்த எனக்கு.

"மேடம், அது நான்தான்" என்றேன். "மாதா வெளக்கு எண்ணெய நான்தான் அதுல பூசினேன். அப்பறம் கம்பி நாரு போட்டுத் தேச்சேன். பொய் சொல்லிட்டேன்."

லூர்து என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் எழுத முடியாது. டாக்டரம்மா அந்த மங்கிப்போன தட்டை இழுப்பறையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. நாங்கள் பார்த்து முதல்முறையாக அவர் சிரித்தார்.

"இனிமே எண்ணெயை நெத்தியில பூசும்மா. புதுச் சிடியை என்கிட்டயே கொடுத்துட்டுப் போ" என்றார்.

நான் அன்றைக்கே பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்க்காக ஒன்று, மாதாவைத் திட்டியதற்காக ஒன்று. கெபியில் என் பாட்டில் அப்படியே இருந்தது. திரும்ப எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெனியை உள்ளே கொண்டு போனார்கள். எலும்பு கடினமாக இருந்தால் ஒயர் பாதிதான் போகும், முழுதாகப் போகும் என்று நான் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா முந்தின நாளே சொல்லியிருந்தார். ஸ்ட்ரெச்சரில் போகும்போது ஜெனி அப்பாவைப் பார்த்து உள்ளங்கையை விரித்தாள். நிறுத்து. லூர்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் செபமாலையைத் தொடங்கினேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது, மணிகள் வியர்வையில் வழுக்கின. இந்தத் தடவை இதைக் கொடு அதைக் கொடு என்று கேட்கவில்லை. டாக்டரம்மா கையை நீ பிடித்துக்கொள் என்று மட்டும் கேட்டேன்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கதவு திறந்தது. டாக்டரம்மா பச்சை உடுப்போடு வாசலில் நின்று, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். வாயில் முகக்கவசம். அப்பாவும் மகளும் கை காட்டிக்கொள்வதை ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தவர், லூர்துவைப் பார்த்து விரலைக் கீழ்நோக்கி மெதுவாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். லூர்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருடமாகத் துறைமுகத்தில் அவர் காட்டிய சிக்னல், இறங்கியது, சரியான இடத்தில் நின்றது. படத்தில் அளந்த இடத்திலேயே எலும்பு இருந்ததாம், எடுத்ததும் ஒயர் முழுதாக உள்ளே போய்விட்டதாம். நான் டாக்டரம்மா காலைத் தொடப் போனேன், அவர் விடவில்லை.

ஈஸ்டர் வாரத்தில் வெளிக் கருவியை மாட்டி உயிர் கொடுத்தார்கள். ஜெனி அம்மா என்று கூப்பிடுவாள், எல்லோரும் கைதட்டுவோம் என்று நினைத்திருந்தேன். அவள் அலறிக்கொண்டு கருவியைப் பிய்த்து எறிந்தாள். அந்த அலறலைக் கேட்டுப் பயிற்சி கொடுக்கும் பெண் சந்தோஷப்பட்டார். பயப்படுகிறாள் என்றால் கேட்கிறது என்று அர்த்தம் என்றார். அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் பயிற்சி. ஜூன், ஜூலை முழுக்க நானும் அவளோடு உட்கார்ந்து மணி, தட்டு, விசில் என்று ஒவ்வொரு சத்தமாக அடையாளம் பிடிக்கக் கற்றேன். லூர்துவின் விசில்தான் அவளுக்குப் பிடித்தது. கழன்று போன வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் வந்தது அம்மா அல்ல, அப்பா. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள். பயிற்சி முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஜெனி நான்கு வார்த்தை சேர்த்துப் பேசினாள் என்று என் தங்கையிடம் போனில் பெருமை அடித்துக்கொண்டே நடக்கிறேன். அதே சாலை. என் புடவை இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் ஜெனி ஒரு கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் உள்ளங்கையை எனக்கு நேராக விரித்து நிற்கிறாள்.

"நில்லு ம்மா. லாரி வர்து."

பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. என் மகளுக்குக் கேட்டது. நான் சாலை ஓரத்திலேயே முழங்கால் போட்டுவிட்டேன். டிரைவர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

என் அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் மூடிக்கொண்டு வருகிற கதவு ஏதாவது இருக்கும். கேளுங்கள், அழுங்கள், சண்டைகூடப் போடுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்டது நீங்கள் நினைத்த வழியில் வரவில்லை என்றால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். டாக்டரிடம் நோயின் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், எதையும் மறைக்காதீர்கள். எண்ணெயை நெற்றியில் மட்டும் பூசுங்கள். நன்றி சொல்ல ஜெனியும் வருகிற புதன்கிழமை நவநாளுக்கு வருகிறாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்புவாள்.